நடுக்கடலில் ஒரு இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும்? இரண்டே இன்ஜினில் உலகைச் சுற்றும் போயிங் 777-ன் கதை

2023 ஜூன் 6. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருக்கும் மகதான் நகரில் திடீரெனத் தரையிறங்கியது. உள்ளே 216 பயணிகள், 16 ஊழியர்கள். விமானத்தின் இரண்டு இன்ஜின்களில் ஒன்றில் கோளாறு தெரிந்ததுதான் காரணம். விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. ஆனா அத்தனை பேரையும் தங்க வைக்க அங்கே ஹோட்டல்கள் போதவில்லை. பள்ளிக்கூடம் உள்ளிட்ட தற்காலிக இடங்களில் பலர் தங்க வைக்கப்பட்டார்கள். மும்பையிலிருந்து வேறொரு விமானம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு, ஜூன் 8-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்தச் செய்தியைக் கேட்டதும் யாருக்கும் ஒரு கேள்வி வரும். 15 மணி நேரத்துக்கும் மேல் பறக்கும் விமானம், பாதி வழி கடல், மீதி வழி ஆளில்லாத பனிக்காடு. அதுக்கு இரண்டே இரண்டு இன்ஜின் போதுமா? பழைய ஜம்போ ஜெட் மாதிரி நான்கு இருந்தால் பாதுகாப்பு இல்லையா?

மகதானில் இறங்கியது போயிங் 777. அகலமான உடல், நடுவில் இரண்டு நடைபாதை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின். சென்னையிலிருந்து எமிரேட்ஸில் துபாய் போனவர்கள் பலரும் இதில் ஏறியிருப்பார்கள். பிரதமரும் குடியரசுத் தலைவரும் வெளிநாடு போகும் 'ஏர் இந்தியா ஒன்' விமானமும் இதே ரகம்தான். உலகில் 1,700-க்கும் மேல் தயாரிக்கப்பட்டு, ஜம்போ 747-ஐயே எண்ணிக்கையில் முந்திய விமானம் இது. இரண்டு இன்ஜினை நம்பிக் கடல் தாண்டலாம் என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

60 நிமிட வேலி

1953-ல் அமெரிக்கா ஒரு விதி போட்டது. இரண்டு இன்ஜின் உள்ள பயணிகள் விமானம், வழியில் எந்தப் புள்ளியில் இருந்தாலும், ஒரு இன்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு 60 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடைய முடிய வேண்டும். அவ்வளவு தூரம்தான் போகலாம், அதுக்கு மேல் கூடாது.

அந்தக் காலத்துக்கு இது நியாயமான விதி. அப்போது பறந்தவை பிஸ்டன் இன்ஜின்கள். பறக்கும்போதே அடிக்கடி மக்கர் செய்யும். நடுக்கடலில் ஒன்று நின்றால் மீதி மூன்றாவது இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

அப்புறம் ஜெட் இன்ஜின் வந்தது. பழுதாகும் விகிதம் மளமளவென்று குறைந்தது. ஆனா விதி அப்படியே நின்றது. 1970-களில் மூன்று இன்ஜின் வைத்த டிசி-10, டிரைஸ்டார் போன்ற விமானங்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நான்கு இன்ஜின் செலவு அதிகம், இரண்டு இன்ஜினுக்குக் கடல் தாண்ட அனுமதி இல்லை. அதனால வாலில் ஒன்று சேர்த்து மூன்றாக்கினார்கள்.

1972-ல் ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ300 பறந்தது. அகல உடலும் இரண்டு இன்ஜினும் சேர்ந்த முதல் பயணிகள் விமானம் அதுதான். அதன் பிறகு போயிங் 767 வந்தது. 1985-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் முதல்முறையாக வேலியை நகர்த்தியது. 60 நிமிடம் 120 ஆனது. டிடபிள்யூஏ நிறுவனத்தின் 767 பாஸ்டனிலிருந்து பாரிஸுக்கு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது. 1988-ல் அது 180 நிமிடமானது. இந்த அனுமதிக்குப் பெயர் 'ஈடாப்ஸ்'. இரட்டை இன்ஜின் விமானம் அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து எவ்வளவு நேர தூரம் விலகிப் போகலாம் என்பதற்கான உச்சவரம்பு அது.

சும்மா கேட்டால் கொடுக்கும் அனுமதி இல்லை. 120 நிமிடம் வேண்டுமென்றால், அந்த ரக இன்ஜின்கள் பறக்கும்போது நின்றுபோவது 20,000 மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போகக் கூடாது. 180 நிமிடத்துக்கு 50,000 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரே ஒரு இன்ஜினை இடைவெளியே இல்லாமல் ஓட்டினால் 50,000 மணி நேரம் என்பது ஐந்தரை ஆண்டுக்கும் மேல்.

கம்ப்யூட்டரில் பிறந்த விமானம்

1990 அக்டோபரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் 34 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. தேவைப்பட்டால் இன்னும் 34. அப்போது 777 வெறும் திட்டம்தான், காகிதத்தில்கூட முழுசாக வரையப்படவில்லை. கடைசிவரை காகிதத்தில் வரையவும் இல்லை.

அதுவரை போயிங் ஒரு புது விமானம் செய்தால், முதலில் மரத்திலும் உலோகத்திலும் முழு அளவு மாதிரி ஒன்றைக் கட்டும். குழாயும் வயரும் ஒன்றோடொன்று இடிக்குதா என்று பார்க்க வேறு வழியில்லை. 777-க்கு கட்டியா என்ற மென்பொருளில் முப்பரிமாணத்தில் எல்லா பாகங்களையும் வடிவமைத்தார்கள். ஆணி, திருகு உட்பட சுமார் 30 லட்சம் பாகங்கள். சந்தேகத்துக்கு மூக்குப் பகுதியை மட்டும் ஒரு மாதிரி கட்டிப் பார்த்தார்கள். அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மீதியைக் கட்டவே இல்லை.

இன்னொரு புதுமை, வாங்கப்போகும் நிறுவனங்களையே வடிவமைப்பு மேஜைக்குக் கூப்பிட்டது. யுனைடெட், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஜப்பான் ஏர்லைன்ஸ், குவாண்டாஸ், கேத்தே பசிபிக் என எட்டு நிறுவனங்கள் உட்கார்ந்து கருத்துச் சொன்னன. விமான நிலையத்தில் இடம் பத்தாது என்பதால் மடக்கும் இறக்கை வசதிகூடத் திட்டத்தில் இருந்தது. கடைசியில் ஒருத்தரும் அதை வாங்கவில்லை.

1994 ஜூன் 12-ல் முதல் விமானம் பறந்தது. 1995 ஜனவரியில் நடந்த ஒரு சோதனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பறக்காத ஒரு விமானத்தின் இறக்கைகளை இயந்திரங்கள் கொண்டு மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போனார்கள். நிஜ வாழ்க்கையில் சந்திக்கக்கூடிய அதிகபட்ச சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. இறக்கை நுனி 7 மீட்டருக்கும் மேல் வளைந்து, 154 சதவீதத்தில் பெருஞ்சத்தத்தோடு ஒடிந்தது. ஒடிந்ததும் பொறியாளர்கள் கைதட்டினார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காற்றுக் குலுக்கலில் இறக்கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஆனா போயிங்கின் உண்மையான பந்தயம் வேறு. அதுவரை ஒரு விமானம் சில ஆண்டுகள் ஓடி, 'இன்ஜின் நம்பகமானது' என்று நிரூபித்த பிறகுதான் ஈடாப்ஸ் கிடைக்கும். 777-க்கு முதல் நாளிலேயே 180 நிமிடம் வேண்டும் என்றது போயிங். இல்லையென்றால் ஹவாய்க்கோ அட்லாண்டிக்குக்கோ போக முடியாத விமானத்தை யுனைடெட் வாங்கி என்ன செய்யும்? அதற்காகவே 1,000 தடவை ஏறி இறங்கும் தனிச் சோதனை நடத்தினார்கள். 1995 மே 30-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 7-ல் முதல் பயணிகள் சேவை. லண்டனிலிருந்து வாஷிங்டன், நேரே அட்லாண்டிக் மேல்.

ஒரு இன்ஜின் நின்றால் உள்ளே என்ன நடக்கும்?

முதலில் ஒரு விஷயம். இரண்டு இன்ஜின் விமானத்தில் ஒன்று போனால் பாதி பலம் போய்விடும். நான்கு இன்ஜினில் ஒன்று போனால் கால்வாசிதான் போகும். அதனால் இரண்டு இன்ஜின் விமானத்தில் ஒவ்வொரு இன்ஜினையும் தேவைக்கு மேல் பலமாகச் செய்தே ஆக வேண்டும். ஓடுபாதையில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகு ஒன்று நின்றாலும், மிச்சமிருக்கும் ஒன்றே முழு எடையோடு விமானத்தை மேலே தூக்க வேண்டும் என்பது கட்டாயம்.

777-300ஈஆர் என்ற நீளமான ரகத்தில் இருக்கும் ஜிஇ90 இன்ஜினைப் பாருங்க. முன்பக்க விசிறியின் விட்டம் மூன்றேகால் மீட்டர். வெளிக்கூட்டோடு சேர்த்தால், இண்டிகோ மாதிரி நிறுவனங்கள் ஓட்டும் சின்ன விமானங்களின் உடல் அகலத்துக்குக் கிட்டத்தட்ட சமம். 2002-ல் சோதனை மேடையில் இது 1,27,900 பவுண்டு உந்துவிசை கொடுத்து உலக சாதனை செய்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் பழைய 747-ன் நான்கு இன்ஜின் பலத்தை நெருங்கிவிடும்.

உயரே பறக்கும்போது ஒன்று நின்றால் விமானம் விழாது. ஆனா அதே உயரத்தில் நிற்கவும் முடியாது. 35,000 அடியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி, காற்று அடர்த்தியாக இருக்கும் உயரத்தில் நிலைகொள்ளும். வேகம் குறையும். ஒரு பக்கம் மட்டும் தள்ளுவதால் விமானம் திரும்பப் பார்க்கும். அதை 777-ன் கணினியே உணர்ந்து வால் சுக்கானைத் தானாக மறுபக்கம் திருப்பும். பயணிகளில் பலருக்கு, விமானி சொன்னால்தான் விஷயமே தெரியும்.

எந்த விமான நிலையத்துக்குத் திரும்புவது என்பதும் அப்போது உட்கார்ந்து யோசிக்கும் சமாச்சாரம் இல்லை. வழியில் இறங்கக்கூடிய இடங்கள், அங்குள்ள வானிலை, ஒற்றை இன்ஜினில் அங்கே போகத் தேவையான எரிபொருள், எல்லாம் கிளம்பும் முன்பே திட்டத்தில் இருக்கும்.

இன்னொரு சுவாரஸ்யம். எத்தனை நிமிடம் விலகிப் போகலாம் என்பதை இன்ஜின் மட்டும் முடிவு செய்வதில்லை. சரக்கு அறையில் தீப்பிடித்தால், அணைப்பு வாயு எவ்வளவு நேரம் தீயை அடக்கி வைக்கும் என்பதும் கணக்கில் வரும். 180 நிமிட அனுமதி என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாயு இருக்க வேண்டும். இது நான்கு இன்ஜின் இருந்தாலும் தீராத பிரச்சினை. 2024 ஜூலையில் அதே டெல்லி - சான் பிரான்சிஸ்கோ வழியில் போன இன்னொரு ஏர் இந்தியா 777, ரஷ்யாவின் கிராஸ்னயார்ஸ்கில் இறங்கியது. இந்த முறை இன்ஜின் கோளாறு கிடையாது. சரக்கு அறைப் பகுதியில் பிரச்சினை இருக்கலாம் என்று விமானிகளுக்குக் காட்டிய எச்சரிக்கைதான் காரணம்.

கணக்கு நிஜத்தில் நின்றதா?

2003 மார்ச்சில் ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன யுனைடெட் 777-ல், பசிபிக் நடுவே ஒரு இன்ஜினை நிறுத்த வேண்டி வந்தது. ஒற்றை இன்ஜினில் சுமார் மூன்று மணி நேரம் பறந்து ஹவாயின் கோனாவில் இறங்கியது. 180 நிமிடம் என்று காகிதத்தில் இருந்த எண்ணை, கிட்டத்தட்ட முழுசாகப் பயன்படுத்திய பயணம் அது.

2018 பிப்ரவரியில் ஹொனலுலுவை நெருங்கிக்கொண்டிருந்த யுனைடெட் 777-ல், கடலுக்கு மேலே, இன்ஜின் விசிறியின் ஒரு தகடு முறிந்து வெளிமூடி பிய்ந்துபோனது. விமானம் பத்திரமாக இறங்கியது. மூன்று ஆண்டு கழித்து, 2021 பிப்ரவரி 20-ல், டென்வரில் கிளம்பிய இன்னொரு யுனைடெட் 777-க்கு அதே கதி. எரியும் இன்ஜினைப் பயணி ஒருவர் எடுத்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. இன்ஜினின் வட்ட முகப்பு ஒரு வீட்டு வாசலில் வந்து விழுந்தது. 241 பேரும் தப்பினார்கள், கீழேயும் யாருக்கும் காயமில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். விமானம் தப்பியது நல்ல செய்தி. தகடு ஏன் முறிந்தது என்பது அவ்வளவு நல்ல செய்தி இல்லை. 2018 சம்பவத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்தத் தகட்டில் விரிசலுக்கான அறிகுறி 2010, 2015 பரிசோதனைப் படங்களிலேயே தெரிந்ததாகக் கண்டுபிடித்தது. பரிசோதித்தவர்கள் அதைப் பெயிண்ட் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சரியான பயிற்சி கொடுக்கப்படவில்லை. 50,000 மணி நேரக் கணக்கெல்லாம், படத்தைப் பார்க்கும் ஒருவர் ஒழுங்காகப் பார்ப்பார் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. 2021-க்குப் பிறகு அந்த ரக பிராட் அண்ட் விட்னி இன்ஜின் பொருத்திய 777-கள் ஓராண்டுக்கும் மேல் அமெரிக்காவில் தரையிலேயே நின்றன.

அப்போ நான்கு இன்ஜின் இருந்தால் நல்லதுதானே?

இங்கேதான் பலரும் தவறான கணக்குப் போடுகிறார்கள். இரண்டு இன்ஜின்கள் தனித்தனிக் காரணத்தால் ஒரே பயணத்தில் நிற்பது கிட்டத்தட்ட நடக்காத விஷயம். பயப்பட வேண்டியது, ஒரே காரணம் எல்லா இன்ஜினையும் ஒரே நேரத்தில் தாக்குவதற்குத்தான்.

1982 ஜூனில் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-ல் நான்கு இன்ஜினும் நின்றன. நான்கு இருந்து என்ன பிரயோஜனம்? சாம்பலுக்கு வெளியே வந்த பிறகு மறுபடி இயங்கியதால் பிழைத்தார்கள். 1983 மே மாதம் மயாமியிலிருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் மூன்று இன்ஜின் டிரைஸ்டாரில், மூன்றிலுமே எண்ணெய் ஒழுகியது. பராமரிப்பில் ஒரே மாதிரி பாகத்தை மூன்றிலும் சின்ன ரப்பர் வளையம் இல்லாமலே மாட்டியிருந்தார்கள். மூன்றும் நின்று, ஒன்றை மட்டும் மறுபடி இயக்கி மயாமிக்கே திரும்பினார்கள்.

ஈடாப்ஸ் விதிகளில் இந்த ஆபத்துக்கும் பதில் இருக்கிறது. ஒரே மெக்கானிக், ஒரே நேரத்தில், இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்வதைத் தவிர்க்க வேண்டும். ஒருத்தர் வலது பக்கம் என்றால், இடது பக்கம் வேறொருத்தர். கைத்தவறு இரண்டு பக்கமும் போகாமல் இருக்கத்தான். தனியாக மூன்றாவது இன்ஜின் மாட்டுவதைவிட இது மலிவு. பலனும் கூடுதல் என்றே தோன்றுகிறது.

777-ம் இந்தப் பாடத்தை நேரடியாகப் படித்தது. 2008 ஜனவரி 17, பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777, லண்டன் ஹீத்ரோவில் இறங்க ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் இரண்டு இன்ஜினும் பலம் இழந்தன. ஓடுபாதைக்கு முன்னால் புல்வெளியில் மோதி நின்றது. 152 பேரில் யாரும் இறக்கவில்லை. காரணம் தேடியவர்கள் கடைசியில் கண்டுபிடித்தது, பனிக்கட்டி. கடும் குளிரில் நெடுநேரம் பறந்ததில் எரிபொருளில் கலந்திருந்த துளி நீர் உறைந்து, குழாயில் ஒட்டி, கடைசி நேரத்தில் பெயர்ந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்துவிட்டது. இரண்டு இன்ஜினிலும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி. அந்த ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின்களில் அந்தக் கருவியின் வடிவத்தையே பிறகு மாற்றினார்கள்.

777 என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 2014. மார்ச் 8-ல் 239 பேருடன் காணாமல் போன எம்எச் 370, ஜூலை 17-ல் உக்ரைன் மேலே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த எம்எச் 17, இரண்டுமே மலேசியா ஏர்லைன்ஸ் 777-கள்தான். இரண்டாவது போர். முதலாவது ஏன் திசை மாறியது என்று மலேசிய விசாரணை அறிக்கையாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் இன்ஜின் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட ஆதாரம் எதுவும் இல்லை.

நான்கு இன்ஜின்கள் தோற்ற இடம்

'நெடுந்தூரத்துக்கு நான்கு இன்ஜின்' என்று ஏர்பஸ் தன் ஏ340-க்கு விளம்பரம் செய்தது. பயணிகள் பயந்தார்களோ இல்லையோ, நிறுவனங்கள் எரிபொருள் பில்லைப் பார்த்தன. நான்கு இன்ஜின் என்றால் நான்குக்கும் பராமரிப்பு, நான்குக்கும் உதிரிபாகம். 2011-ல் ஏ340-ஐ ஏர்பஸ் கைவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 777-க்கு 330 நிமிட அனுமதி கிடைத்தது. ஐந்தரை மணி நேரம்! உலக வரைபடத்தில் இரண்டு இன்ஜின் போகக் கூடாத கடல் என்று அநேகமாக எதுவும் மிச்சமில்லை. கடைசி ஏ380 பயணிகள் விமானம் 2021-லும், கடைசி 747 சரக்கு விமானம் 2023 ஜனவரியிலும் ஒப்படைக்கப்பட்டன.

இப்போ அடுத்த தலைமுறையான 777எக்ஸ் தாமதத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. 2020-ல் கைக்கு வர வேண்டியது. 2020 ஜனவரியில் பறக்கவும் செய்தது. ஆனா சான்றிதழ் தள்ளித் தள்ளிப் போய், 2027-ல் முதல் ஒப்படைப்பு என்று 2025 அக்டோபரில் போயிங் அறிவித்தது. 2024-ல் சோதனையின்போது இன்ஜினை இறக்கையோடு பிணைக்கும் பாகத்தில் விரிசல் கண்டு, சோதனைப் பறத்தலையே நிறுத்தி வைத்தார்கள். அன்று யாரும் வாங்காத மடக்கு இறக்கை நுனி இதில் வந்திருக்கிறது. விரித்தால் சுமார் 72 மீட்டர், மடக்கினால் 65-க்குள்.

நீங்கள் ஏறப்போவது 777-தானா என்று விமான நிலையக் கண்ணாடி வழியாகவே கண்டுபிடிக்கலாம். இறக்கைக்குக் கீழே ஒவ்வொரு பக்கமும் சக்கரங்களை எண்ணுங்கள். 787-லும் ஏ330-லும் நான்கு இருக்கும். 777-ல் மூன்று ஜோடியாக ஆறு. வால் நுனி கூர்மையாக முடியாமல் கத்தி முனை மாதிரி தட்டையாக இருக்கும்.